அலெக்ஸ் ஏலம் விட்ட கடைசி ஞாயிறு

பையின் ஜிப் பாதி வழியில் நின்றுகொண்டது. வின்சி முழங்காலால் பையை அமுக்கிப் பிடித்து இழுத்தாள். இரண்டு லுங்கி, துண்டுகள், ஃபிளாஸ்க், ஸ்கேன் படங்கள் வைத்த பெரிய கவர், வேதப்புத்தகம். எல்லாம் இருந்தன. ஆள்தான் இல்லை.

"பெட்ரோல் போட்டுட்டு வாரேன்" என்று விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு போன அலெக்ஸ் இன்னும் வரவில்லை. ராஜபாளையத்தில் இருக்கிற பங்க் ஒவ்வொன்றிலும் சொட்டுச் சொட்டாகப் போட்டிருந்தாலும் இந்நேரம் டேங்க் நிரம்பி வழிந்திருக்கும்.

அவன் எங்கே போயிருப்பான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போன வாரம் மதுரையில் டாக்டரின் அறையில் கேட்டதை அவள் இன்னும் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. புற்று வைத்த அலெக்ஸின் குரல்வளையை எடுத்துவிட வேண்டும். எடுத்த பிறகும் எதையும் உறுதியாகச் சொல்வதற்கில்லை. "முதல்ல குடுத்த தேதிக்கு வந்திருந்தீங்கன்னா நான் வேற மாதிரி பேசியிருப்பேம்மா" என்றார் டாக்டர், படத்தை வெளிச்சத்திலிருந்து இறக்கிக்கொண்டே.

முதலில் கொடுத்த தேதி, சபையின் கன்வென்ஷன் கூட்ட நாட்களில் வந்து விழுந்திருந்தது. "கர்த்தரோட வேலையை முடிச்சிட்டுப் போறேன். என் வேலைய அவரு பாத்துக்கிடுவாரு" என்று சொல்லிவிட்டு, மூன்று இரவும் பாடகர் குழுவுக்கு முன்னால் நின்று பாடினான் அலெக்ஸ். அப்போது தொண்டைக் கம்மல்தான் இருந்தது. இப்போது எச்சில் விழுங்கினாலே கண் கலங்குகிறது.

இரண்டாவது தேதி நாளைக்கு. இன்று மத்தியானத்துக்குள் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட வேண்டும்.

இன்றுதான் ஸ்ரீவில்லிபுத்தூர் சபையில் அறுப்பின் பண்டிகை.

அலெக்ஸ் பிறந்து வளர்ந்த சபை அது. வருஷா வருஷம் சனங்கள் தங்கள் விளைச்சலில் முதல் பங்கைக் கொண்டுவந்து பலிபீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். வாழைத்தார், நெற்கதிர், தேங்காய், கோழி, ஆட்டுக்குட்டி. ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் வெளியே கொண்டுவந்து ஏலம் விடுவார்கள். மீசை அரும்பிய வயதிலிருந்து ஏலம் கூறுகிறவன் அலெக்ஸ். அவன் வாய்க்காகவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். பெண் பார்க்க வருவதற்கு முன்பே வின்சி அவனைப் பார்த்தது அங்கேதான். ஒரு பெட்டைக்கோழியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அதற்கே தெரியாத அதன் குணங்களையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். கோழியே நம்பியது மாதிரி அசையாமல் இருந்தது.

வாசலில் ஹாரன் கேட்டது.

பாண்டிதுரை அண்ணன் கார். பக்கத்துத் தெருக்காரர். மிலிட்டரியிலிருந்து ஓய்வு பெற்று வந்து டாக்ஸி ஓட்டுகிறார்.

"சார் எங்கம்மா?"

"வழியில ஏத்திக்கிடணும்ண்ணே. ஸ்ரீவில்லிபுத்தூர்ல."

"நல்லதாப் போச்சு. மதுரைக்குப் போற வழிதான." பையை வாங்கி வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாரா?"

வின்சி ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

"விடும்மா. பட்டாளத்துல சண்டைக்குப் போற அன்னைக்கு எத்தனை பேருக்கு வயித்துவலி வந்துச்சுன்னு நான் பாத்திருக்கேன்."

மில் காம்பவுண்டுகள் பின்னால் போயின. மேற்கே மலைமேல் மேகம் உட்கார்ந்திருந்தது. குளிர்ந்த தேசங்களில் வாய் திறந்தால் பேச்சு வெள்ளைப் புகையாக வெளியே வந்து செத்த நேரம் காற்றில் நிற்கும் என்று வின்சி எங்கேயோ படித்திருக்கிறாள். இங்கேயும் அப்படி நின்றால் எவ்வளவு வசதி. அலெக்ஸின் குரலைப் பிடித்து ஒரு பால்கோவா டப்பாவில் போட்டு மூடிவைக்கலாம். வேண்டும்போது கொஞ்சமாகத் திறந்து பார்க்கலாம்.

ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவரைக் குணமாக்கும் என்று ஆண்டவரிடம் கேட்க அவளுக்கு இப்போது துணிச்சல் இல்லை. கேட்டுக் கேட்டு அந்த வார்த்தை தேய்ந்துபோயிருந்தது. இன்றைக்கு இந்தக் காரில் அவரை ஏற்றிவிடும் ஆண்டவரே, அது போதும் என்றாள்.

பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் பேச வந்த ஒரு அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. தேவனுக்கு முதலிடம் கொடுங்கள், அடுத்து குடும்பம், அதற்குப் பிறகுதான் ஊழியம். வரிசை சரியாக இருந்தால் எந்தக் கஷ்டத்திலும் சந்தோஷத்தைத் தேர்ந்துகொள்ளலாம். கை தட்டிவிட்டு எல்லோரும் கேசரி சாப்பிடப் போனார்கள். வின்சி மட்டும் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. வீட்டுச் சுவரில் தேவனுக்கு முதலிடம் என்று எழுதித்தான் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்த இடத்தில் பாட்டு ஏறி உட்கார்ந்து எத்தனை வருஷமாயிற்று? இரண்டும் ஒரே மாதிரி வெள்ளை உடுப்பில் இருந்ததால் வித்தியாசம் தெரியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் கண்ணில் பட்டதும் பாண்டிதுரை வேகத்தைக் குறைத்தார்.

*

சபைக் காம்பவுண்டுக்குள் நுழையும் முன்பே அலெக்ஸின் குரல் கேட்டது. மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்திருந்தான் போல. சல்லடையில் மணல் சலிப்பது மாதிரி இருந்தது.

"இது சாதாரணச் சேவல் இல்ல. மகாராஜபுரத்துச் சேவல். காலையில கூவி எழுப்பும். எந்திரிக்கலன்னா கொத்தி எழுப்பும். குடும்ப ஜெபத்துக்கு எந்திரிக்காத வீட்டுக்கு இது கட்டாயம் வேணும்!"

"அப்ப ஐயாதுரை அண்ணாச்சி வீட்டுக்குக் குடுங்க!" என்று ஒரு குரல் வந்தது. பந்தல் சிரித்தது. சபைச் செயலர் ஐயாதுரையும் வயிறு குலுங்கச் சிரித்தார்.

அலெக்ஸ் சிரித்துக்கொண்டே திரும்பியபோது வின்சியைப் பார்த்துவிட்டான். சிரிப்பு அப்படியே நின்றது. ஒற்றை விரலைக் காட்டினான். இது ஒன்றுதான் என்று அர்த்தம். அவனுக்குப் பின்னால் படிக்கட்டு நிறைய இன்னும் பொருள்கள் குவிந்து கிடந்தன.

வின்சி முன்னால் போகப் போனபோது கையை யாரோ பிடித்தார்கள். மாமியார் செல்லத்தாய். பண்டிகைக்கென்று எடுத்த புதுச் சேலை மொடமொடத்தது.

"ஏட்டி வின்சி, மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்க? பண்டிகை நாளும் அதுவுமா."

"நேரமாச்சுத்தை. மத்தியானத்துக்குள்ள போய்ச் சேரணும்."

"போகாட்டா என்ன?"

வின்சி அவளைப் பார்த்தாள்.

"என்னட்டி பாக்க? உள்ளதத்தான் சொல்லுதேன்." செல்லத்தாய் குரலைத் தாழ்த்தினாள். "அவன் பிறந்தப்ப அழல. தெரியுமா ஒனக்கு? நர்ஸம்மா தலைகீழாப் பிடிச்சு அடிக்கா, சத்தமே இல்ல. நீலமாப் போயிட்டான். 'ஆண்டவரே, இவனுக்குச் சத்தத்தைத் தாரும், அந்தச் சத்தம் ஒமக்குத்தான்'னு அந்தக் கட்டில்லயே பொருத்தனை பண்ணினேன். சொல்லி வாய மூடல, வீறிட்டு அழுதான். கர்த்தருக்குன்னு கொடுத்தத கத்தி வச்சு வெட்டி எறியச் சொல்லுதியா?"

இதுதானா? இத்தனை மாதமும் இந்த வீட்டுக்குள் ஒளிந்துகொண்டிருந்தது இதுதானா? கன்வென்ஷனை முடித்துவிட்டுப் போகலாம் என்று அலெக்ஸைத் தட்டிக்கொடுத்தது யார் என்று இப்போது புரிந்தது. கோபப்படலாம் என்று பார்த்தால் மாமியார் பிடித்த கையை இன்னும் விடவில்லை.

"அத்தை, காலையில நீங்க என்ன காணிக்கை வச்சீக?"

"பூசணிக்காய். நம்ம கொல்லையில காச்சது. எதுக்குக் கேக்க?"

"கர்த்தருக்குத்தான வச்சீக?"

"பின்ன?"

"இப்ப அது எங்க போகும்?"

செல்லத்தாய் படிக்கட்டில் இருந்த பூசணிக்காயைப் பார்த்தாள்.

"ஏலத்துல எடுத்தவிய வீட்டுக்குப் போகும். அரிவாள்மணையில வெட்டிச் சாம்பார் வைப்பாக. அதுக்காகக் கர்த்தரு கோவிச்சுக்கிட்டாரா? வச்ச அன்னைக்கே அவரு வாங்கிக்கிட்டாரு அத்தை. ஒங்க மகன் சத்தத்தையும் இம்புட்டு வருசம் வாங்கிக்கிட்டாரு. இனி ஆள வீட்டுக்கு அனுப்புங்க."

"பூசணியும் எம்பிள்ளையும் ஒண்ணாட்டி?" செல்லத்தாயின் கண் பொங்கிவிட்டது. "குரலு போன பொறவு அவன் யாருட்டி?"

"ஷெரினுக்கு அப்பா."

செல்லத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கேட்டுக்கு அருகில் நின்ற பாண்டிதுரை, நேரமாகிறது என்று வின்சிக்குக் காட்டக் கையை உயர்த்தி வாட்சைத் தட்டினார். அலெக்ஸ் விடுவானா?

"அந்தா, மீசைக்கார அண்ணன் அம்பது ஏத்திட்டாரு!"

"ஏ, நான் எங்கய்யா கேட்டேன்?"

"கை தூக்கினா கேட்டதுதான். கர்த்தரு பாத்துக்கிட்டே இருக்காரு."

மறுபடி சிரிப்பு. பாண்டிதுரை மீசையைத் தடவிக்கொண்டார். சேவலை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல சேவல்தான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டதும் கேட்டது.

"ஒரு தரம்," என்றான் அலெக்ஸ். "ரெண்டு த—"

காற்று வந்தது. மைக்கில் வெறும் காற்று.

விளையாட்டுக் காட்டுகிறான் என்று நினைத்து முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் போன வருஷம் இப்படித்தான் பாகவதர் மாதிரி தொண்டை அடைத்துக் காட்டினான். அலெக்ஸ் இன்னொரு தடவை வாயைத் திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் இல்லை. கைக்குட்டையை வாயில் வைத்து எடுத்தான், பார்த்தான், அவசரமாக மடித்தான். மடிப்பதற்குள் சிவப்பு தெரிந்துவிட்டது.

பந்தல் அடங்கிப்போயிற்று. அவன் கையில் சேவல் மட்டும் சிறகை அடித்தது.

வின்சி எப்படிப் படியேறினாள் என்று அவளுக்கே தெரியாது. ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் சொன்னதைத் தவிர அவள் சபை முன்னால் நின்று பேசியதே இல்லை. அவன் கையிலிருந்து மைக்கை வாங்கினாள். அது அவன் உள்ளங்கை வேர்வையில் நனைந்திருந்தது.

"மூணு தரம்," என்றாள். தன் குரல் அவ்வளவு பெரிதாகக் கேட்டதில் ஒரு கணம் பயந்துபோனாள். "சேவல் பாண்டிதுரை அண்ணனுக்கு. மிச்சத்த வேற யாராச்சும் பாருங்க. இவிய இனி வீட்டுக்கு வரணும்."

ஐயாதுரை பதறிக்கொண்டு முன்னால் வந்தார். "எல்லாரும் கண்ண மூடுங்க. கை வச்சு ஊக்கமா ஜெபிப்போம். யாரும் போகக் கூடாது."

"அண்ணாச்சி, நீங்க இருந்து ஜெபிங்க. நாங்க போயிக்கிட்டே இருக்கோம்."

சொல்லிவிட்டு அலெக்ஸின் முழங்கையைப் பிடித்தாள். கூட்டம் வழிவிட்டது.

*

கேட்டுக்குப் பக்கத்தில் ஷெரின் நின்றாள். வெள்ளைக் கவுன். பாதி கடித்த கொய்யாப்பழம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. நேற்றே பாட்டி வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பாவும் அம்மாவும் மதுரையிலிருந்து வருகிற வரை செல்லத்தாய் வீட்டில் இருக்கப் போகிறவள். அப்பாவுக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

அலெக்ஸ் அவள் உயரத்துக்குக் குந்தினான். என்னென்னவோ சொல்ல வேண்டும் என்று வந்தவன் முகம் அது. காதோரம் வாயைக் கொண்டுபோனான். அவள் பேரைத்தான் சொன்னான். வின்சிக்கு உதட்டின் அசைவு தெரிந்தது, சத்தம் எட்டவில்லை.

"அப்பா, காது கூசுது!" என்று தோளை உயர்த்திச் சிரித்தாள் ஷெரின்.

இன்னொரு முறை சொன்னான். அவள் இன்னும் பலமாகச் சிரித்தாள்.

செல்லத்தாய் வரவில்லை. படிக்கட்டுக்குப் பக்கத்தில், தன் பூசணிக்காய்க்கு அருகே, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். "அம்மா" என்று அலெக்ஸின் உதடு அசைந்தது. கூப்பிட்டது அவளுக்குக் கேட்க வழியில்லை. வின்சி கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அதற்காகப் பிறகு வருத்தப்படுவோம் என்று அப்போதே தோன்றியது.

*

கார் கிருஷ்ணன்கோவிலைத் தாண்டியது. வின்சி ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போட்டாள்.

"மேடம், இப்ப என்ன நேரம்?" என்றாள் வரவேற்பில் இருந்த பெண். "இவ்வளவு நேரம் கட்டில் சும்மா கிடக்குமா? வேற பேஷண்டுக்குக் குடுத்தாச்சு. டாக்டர்ட்ட கேட்டுட்டு நானே கூப்பிடுதேன். உறுதி சொல்ல முடியாது."

அலெக்ஸ் அவள் முகத்திலிருந்தே தெரிந்துகொண்டான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு அவள் காதுக்கு அருகில் குனிந்தான். பேச்சு மூச்சாகத்தான் வந்தது.

"காலையில ஆராதனையிலயே போயிருச்சு."

"என்னது?"

"குரலு. நான் தனியாப் பாடுற வரி வந்துச்சு. வாயத் தொறக்கேன், ஒண்ணும் வரல. பாட்டு விழுந்துருச்சுன்னு நெனச்சேன். ஆனா சபையே அந்த வரியப் பாடிருச்சு வின்சி. நல்லாத்தான் இருந்துச்சு. என்னைவிட நல்லா இருந்துச்சு."

அவன் விழுங்கினான். வலியில் கண்ணை மூடித் திறந்தான்.

"அப்பமே எறங்கி வந்திருக்கணும். பொறவு கொஞ்சம் திரும்ப வந்துச்சு, ஏலத்த மட்டும் முடிப்போம்னு நின்னுட்டேன். கர்த்தருக்காகன்னு சொல்லிக்கிட்டேன். அவிய எல்லாரும் சிரிக்கிறது எனக்கு வேண்டியிருந்துச்சு. இருந்த கொஞ்சத்தையும் சேவலுக்குச் செலவழிச்சிட்டேன். பிள்ளை பேரச் சொல்ல மிச்சம் இல்ல."

வின்சி என்ன சொல்வாள்? பரவாயில்லை என்று சொல்லலாம். அது பொய். எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று சொல்லலாம். அதைச் சொல்ல டாக்டருக்கே வாய் வரவில்லை. அவள் அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எத்தனையோ ஞாயிறுகளில் அந்தக் கை சபையின் முன்னால் காற்றில் தாளம் போட்டது. இப்போது அது அவளுக்குக் கிடைத்திருக்கிறது. இவ்வளவு பிந்தி, இப்படி ஒரு நாளில். ஆனாலும் கிடைத்திருக்கிறது. இதற்கு நன்றி சொல்ல வேண்டுமா? சொன்னாள். கசப்போடுதான் சொன்னாள். ஆண்டவர் அதையும் வாங்கிக்கொள்வார் என்று நம்பினாள்.

"என்னங்க."

அவன் பார்த்தான்.

"இன்னைக்கு அழ வேண்டாம். நாளைக்குப் பொறவு நெறைய நேரம் இருக்கும், அப்ப சேந்து அழுவோம். இன்னைக்கு ஒரு நாள் சந்தோசமா இருந்துட்டுப் போவோம்."

"எதுக்குச் சந்தோசம்?" என்று உதடு கேட்டது.

"நீங்க கார்ல இருக்கீக. நான் காலையில இருந்து அத மட்டுந்தான் கேட்டேன்."

அப்போது டிக்கியிலிருந்து சேவல் கூவியது. நட்டநடு மத்தியானத்தில், முழுத் தொண்டையும் திறந்து, மதுரை வரைக்கும் கேட்கிற மாதிரி.

பாண்டிதுரை பிரேக்கை மிதித்துவிட்டார். "சனியனே! அதுக்கு வேளை தெரியுமா, கெழமை தெரியுமா? ஏன் சார், நல்ல சேவல்னு நீங்கதான சொன்னீங்க? விடியறப்ப கூவும்னு சொன்னீங்களே!"

சேவல் மறுபடி கூவியது.

"இத ஆஸ்பத்திரிக்குள்ள எங்க கொண்டுபோய்க் கட்டுறது? ஓ.பி. சீட்டு போடச் சொல்லுவானே!"

அலெக்ஸின் தோள் குலுங்கியது. அழுகிறான் என்றுதான் வின்சி முதலில் நினைத்தாள். திரும்பிப் பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தான். வாய் திறந்திருந்தது, கண்ணில் நீர் வழிந்தது, சத்தம் கொஞ்சமும் இல்லை. ஊமைப்படம் மாதிரி இருந்தது. இனி எப்போதும் இப்படித்தான் சிரிப்பான் என்று அவளுக்குத் தோன்றியது, சிரிக்க ஆயுசு இருந்தால். தோன்றியதை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு அவளும் சிரித்தாள். இரண்டு பேருக்கும் சேர்த்து, சத்தமாக.

மடியில் ஃபோன் அதிர்ந்தது. மதுரை எண். ஆஸ்பத்திரி.

பாண்டிதுரை கண்ணாடியில் பார்த்தார். "எடும்மா."

கட்டில் இருக்கிறதா, டாக்டர் வரச் சொல்கிறாரா, வர வேண்டாம் என்கிறாரா? எல்லாம் அதற்குள் இருந்தது.

சேவல் மூன்றாவது முறையும் கூவியது. அலெக்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் சிரித்து முடியட்டும் என்று வின்சி அதைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.